ஆமத்தூர்ப் பெண்களுக்கு ஒரு டேனிஷ் வார்த்தை

1. வாக்குக் கொடுத்த பிறகு ஆள் தேடியது

சிவகாசியில் அந்த ஆப்செட் அச்சகத்துக்குள் முதன்முதலாக நான் போன அன்று, முதலாளி அண்ணாச்சி என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்:

“டேனிஷ் தெரியும்னு சொன்னாக. எம்புட்டும்மா தெரியும்?”

“பால் வாங்கத் தெரியும், பஸ் ஏறத் தெரியும், வீட்டு ஓனர்கிட்ட சண்டை போடத் தெரியும் அண்ணாச்சி.”

“சண்டை போடுற அளவுக்குத் தெரியுமா? அப்பப் போதும். உக்காரு.”

நடந்தது இதுதான். டென்மார்க்கில் சிறுவர் புத்தகம் போடும் ஒரு சின்னப் பதிப்பகம், ஆங்கிலப் பட அகராதி ஒன்றை டேனிஷில் கொண்டுவர நினைத்தது. ‘மனிதர்களும் சமூகமும்’ என்பது தலைப்பு. அச்சடிக்கும் வேலை மட்டும்தான் சிவகாசிக்கு வந்தது. ஆர்டர் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று, “மொழிபெயர்ப்பும் நாங்களே செஞ்சு தர்றோம்” என்று அண்ணாச்சி போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் ஆள் தேடினார்.

விருதுநகர் மாவட்டத்தில் டேனிஷ் தெரிந்த ஆள் எங்கே கிடைக்கும்? நான் கிடைத்தேன். எங்கள் குடும்பத்துக்கு விருதுநகரில் வத்தல் மண்டி. என் வீட்டுக்காரருக்குக் காற்றாலை கம்பெனியில் வேலை என்பதால் சில வருடங்கள் அந்த நாட்டில் குடியிருந்தோம். அங்கே நகராட்சி நடத்திய மொழி வகுப்புக்கு ஒழுங்காகப் போய்ப் படித்தேன். மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பினோம். மண்டிக்கு வத்தல் மூட்டைக்குச் சாக்கு கொடுக்க வந்தவர், “இந்த வீட்டு மருமக டேனிஷ் பேசும்” என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன்.

2. ‘ஓ’ மேல் விழுந்த கோடு

லேஅவுட் செய்தவர் காளிராஜ். காலண்டர் டிசைனில் கெட்டிக்காரர். நான் டைப் செய்து கொடுத்த பக்கங்களுக்கு அவர் எடுத்துவந்த முதல் ப்ரூஃபைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. சகோதரி, ரொட்டி, மளிகைக்காரர் என்று எந்த வார்த்தையும் சரியாக இல்லை.

“காளி, ‘ஓ’ மேல குறுக்க ஒரு கோடு இருக்குமே, அது எங்க?”

“அதுவாக்கா? ஃபைல்ல ஏதோ கீறல் விழுந்திருந்துச்சு. ஒவ்வொண்ணா உக்காந்து அழிச்சுட்டேன். கண்ணே போச்சு.”

பாவம், ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து டேனிஷ் மொழியிலிருந்து ஓர் எழுத்தையே அழித்திருக்கிறார். அது கீறல் இல்லை, தனி எழுத்து, அது மட்டும் தனியாக நின்றால் ‘தீவு’ என்று அர்த்தம் என்று சொன்னேன். அவர் திரையில் அந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “ஒத்த எழுத்துல தீவா? நம்ம ‘தீ’ மாதிரி” என்று சிரித்துவிட்டு, திரும்பவும் ஒவ்வொன்றாகக் கோடு போட ஆரம்பித்தார்.

3. சொசைட்டி என்றால் எது?

உண்மையான சிரமம் எழுத்தில் இல்லை, வார்த்தைகளில் இருந்தது. ‘சொசைட்டி’ என்ற ஆங்கிலச் சொல் அந்த அகராதியில் வெவ்வேறு பக்கங்களில் வந்தது. நாம் எல்லாரும் சேர்ந்து வாழும் சமூகம் என்றால் டேனிஷில் ‘சம்ஃபுன்’. நாலு பேர் சேர்ந்து விதிமுறை வைத்து நடத்தும் சங்கம் என்றால் ‘ஃபொரேனிங்’. பெரிய இடத்து விருந்துக் கூட்டம் என்றால் ‘செல்ஸ்கேப்’.

“சொசைட்டின்னா நம்ம பால் சொசைட்டிதானக்கா?” என்றார் காளிராஜ்.

“பால் சொசைட்டி அங்கயும் உண்டு காளி. அதுக்கு வேற வார்த்தை.”

‘கம்யூனிட்டி’ இன்னும் மோசம். ஓர் ஊர்க்காரர்களா, ஒரே பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ போகிறவர்களா, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறோம் என்ற உணர்வா? ஒவ்வொன்றுக்கும் டேனிஷில் ஒவ்வொரு சொல். படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அதனால், படம் இல்லாமல் எந்த வார்த்தையையும் முடிப்பதில்லை என்று வழக்கம் வைத்துக்கொண்டேன்.

படங்கள் பல நாடுகளிலிருந்து வந்தன. நம் பக்கத்துப் படமும் சில இருக்கட்டும் என்று பதிப்பகம் கேட்டதால், காளிராஜ் பக்கத்தில் இருக்கும் ஆமத்தூருக்குப் போய் எடுத்துவந்தார். அதில் ஒரு படம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறப்போகிறார்கள். யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். படங்களை எந்தச் சொல்லுக்கு எது என்று பிரித்து வைப்பது பதிப்பகத்தின் ஆசிரியர் கிர்ஸ்டனின் வேலை.

அந்தப் படம் எந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்தது தெரியுமா? ‘ஏழைகள்’ என்ற பக்கத்துக்கு.

4. “எங்களைக் கேட்டீகளா?”

படம் எடுத்தபோது ஆளுக்கொரு காப்பி தருவதாகக் காளிராஜ் சொல்லியிருந்தார். கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். அந்தப் பெண்களின் மகளிர் குழுவுக்குத் தலைவி முத்துலட்சுமி. கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். அவர்கள் வீட்டில் முந்தைய தலைமுறை வரை பிறர் காட்டில் கூலி வேலை. இப்போது வீட்டுக்கு ஒருவராவது பட்டாசுக் கம்பெனியில்.

படத்தைப் பார்த்துவிட்டு முத்துலட்சுமி கேட்டார்: “நல்லா இருக்குக்கா. புத்தகத்துல எங்களுக்குக் கீழ என்ன போட்டிருக்காக?”

மழுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. சொன்னேன்.

பக்கத்தில் நின்ற பேச்சியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். “ஏழைகளா? அன்னைக்குத்தான் நான் புதுச் சேலை கட்டியிருந்தேன்!”

“அது கிடக்கட்டும்டி” என்றார் முத்துலட்சுமி. “ஏக்கா, அங்க இருக்கிற பிள்ளைக இந்தப் படத்தைப் பாத்துத்தானே அந்த வார்த்தையைப் படிக்கும்? அப்ப எங்க மூஞ்சிதான் அந்த வார்த்தைக்கு அர்த்தமா? எங்களைக் கேட்டீகளா?”

படங்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். டென்மார்க்கில் என் மகன் பள்ளி வெளியிட்ட ஒரு விளம்பரத் தாளில், பள்ளி விழாவில் கேக் விற்றுக்கொண்டிருந்த என் படத்தைப் போட்டு ‘குடியேறிகள்’ என்று எழுதியிருந்தார்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் மற்ற அம்மாக்களோடு அம்மாவாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அந்த நினைப்புதான்.

5. அண்ணாச்சி சொன்ன பதில்

மறுநாள் காலையில் நேரே அண்ணாச்சியின் அறைக்குப் போனேன்.

“கிர்ஸ்டன் ஏன் அண்ணாச்சி அந்தப் படத்தை அங்க வச்சாக?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தம்மா போன்ல ‘விச் கம்யூனிட்டி’ன்னு கேட்டாக. நான் சாதியைச் சொன்னேன். நம்ம அரசாங்க ஃபாரத்துல எல்லாம் கம்யூனிட்டின்னா அதுதானம்மா? வேற என்னத்தைக் கேக்கப் போறாகன்னு நினைச்சேன்.”

கிர்ஸ்டன் கேட்டது, இவர்கள் ஒரே ஊரா, ஒரே கம்பெனியா, எந்த வகையில் ஒன்றுசேர்ந்தவர்கள் என்று. கேட்ட பதிலை வைத்து அந்தச் சாதியைப் பற்றி எதையோ தேடிப் படித்து, இவர்கள் ஏழைகள்தான் என்று அவராக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். ஒரே ஒரு சொல், இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம்.

“மாத்தச் சொல்லணும் அண்ணாச்சி.”

“மாத்துறதா? காலண்டர் சீசன்மா. நாளான்னைக்கு அச்சுக்குப் பிளேட் போகணும். இந்த லோடு தவறுச்சுன்னா மெஷின்ல இடம் கிடையாது, தை பிறந்தாத்தான். டென்மார்க் பார்ட்டி ஆர்டரைத் திருப்பிக்கிட்டா?”

“ஒரே ஒரு வீடியோ கால். ஆமத்தூர்ல இருந்து. நான் பேசுறேன்.”

அவர் ஆர்டர் நோட்டைப் புரட்டி நாள் கணக்குப் பார்த்தார். பிறகு, “சாதியச் சொன்னது நான்தான்” என்றார். “நானும் வாறேன்.”

6. சமுதாயக் கூடத்தில் டென்மார்க்

ஆமத்தூர் சமுதாயக் கூடத்தில் அன்று சாயங்காலம் மகளிர் குழுக் கூட்டம். காளிராஜ் லேப்டாப்பை ஒரு நாற்காலியில் வைத்து, நாற்காலியை மேசைமேல் வைத்தார். திரையில் கிர்ஸ்டன் வந்ததும் எல்லாரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவரும் எழுந்துவிட்டார். அப்போதுதான் அவர் எம்புட்டு உயரம் என்று தெரிந்தது. பேச்சியம்மா ‘ஆத்தாடி’ என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நடந்ததைச் சொன்னேன். கிர்ஸ்டனின் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். பிறகு, “அப்படியென்றால் எந்தப் பக்கத்தில் வைக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள்” என்றார்.

கேட்டேன். கூடம் கலகலத்தது. ‘தொழிலாளிகள்’ என்றார் ஒருவர். ‘சிநேகிதிகள்’ என்றார் இன்னொருவர்.

“பணக்காரகன்னு ஒரு பக்கம் இருக்குல்ல? அதுல போடச் சொல்லுக்கா” என்றார் பேச்சியம்மா. “அம்புட்டு தூரத்துல இருந்து வந்து யாரு கணக்குப் பாக்கப் போறா?”

இதை வார்த்தை தவறாமல் மொழிபெயர்த்தேன். கிர்ஸ்டன் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. பிறகு அவர், “இங்கே எதற்காகக் கூடியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். முத்துலட்சுமி விளக்கினார். மாதாமாதம் சேமிப்பு, அவசரத்துக்குக் கடன், தாமதமாக வந்தால் அபராதம், வருஷத்துக்கொரு தடவை வேன் பிடித்துக் கன்னியாகுமரி, கூட்டம் முடிந்ததும் டீயும் காரச்சேவும்.

நான் சொல்லி முடிப்பதற்குள் கிர்ஸ்டன் கையைத் தட்டினார். “ஃபொரேனிங்! எங்கள் ஊர் நீச்சல் சங்கத்திலும் இதே கதைதான். நாங்கள் பொருளாளரோடு சண்டை போடுவோம், பிறகு காப்பி குடிப்போம்.”

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னேன். விதி வைத்து, ஆள் சேர்த்து, தாங்களே நடத்தும் சங்கம். முத்துலட்சுமி உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். “ஃபொரேனிங்கு. ஃபாரின் மாதிரியே இருக்கு. இதையே போடச் சொல்லுக்கா.”

அங்கேயே காளிராஜ் கூட்டத்தைப் புதிதாகப் படம் எடுத்தார். ‘ஏழைகள்’, ‘பணக்காரர்கள்’ பக்கங்களில் ஆள் படமே வேண்டாம், காலிப் பர்ஸும் நிறைந்த பர்ஸுமாக வரைந்து வைக்கலாம் என்றார் கிர்ஸ்டன். அண்ணாச்சி வாசலில் நின்று மெஷின்மேனுக்குப் போன் போட்டார். “சாமி காலண்டரை ஒரு ஷிப்டு தள்ளிப் போடுப்பா. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.”

7. தலைவி பேசுகிறார்

புத்தகம் பைண்டிங் முடிந்து வந்ததும் நானே ஆமத்தூருக்கு எடுத்துப் போனேன். பளபளவென்று ஒரு பக்கம் முழுக்க அவர்கள். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். படத்தின் கீழே இருந்த டேனிஷ் வரிகளைப் படித்து அர்த்தம் சொன்னேன்: “சங்கம் கூடியிருக்கிறது. தலைவி பேசுகிறார்.”

முத்துலட்சுமி படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். அதில் வாயைத் திறந்துகொண்டிருந்தது பேச்சியம்மா.

“ஏக்கா, தலைவி நான்ல? பேசுறது அவள்ல?”

“டென்மார்க்குக்கே தெரிஞ்சு போச்சு, நீ பேரளவுக்குத்தான் தலைவின்னு” என்றார் பேச்சியம்மா. அப்புறம் அங்கே நடந்ததை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது. டீ வரும்வரை ஓயவில்லை.

இப்போது இந்த வேலையில் எனக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான். கல், மரம், நாற்காலி என்றால் அகராதியைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போகலாம். மனிதர்களைக் குறிக்கிற சொல் என்றால், அந்தப் பெயரால் அழைக்கப்படப் போகிறவர்களிடம் முதலில் கேளுங்கள், அப்புறம் அகராதியைத் திறங்கள். இதனால் வேலை கொஞ்சம் தாமதமாகும். அண்ணாச்சி முணுமுணுப்பார். ஆனால் படத்தில் இருப்பவர் கையில் அந்தப் புத்தகத்தை நாம் கூசாமல் கொடுக்கலாம்.