ஆறுதலாக நடந்த குதிரை

பெசன்ட் நகருக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது சனநெரிசலோ ஹார்ன் சத்தமோ அல்ல. அடையாறு சிக்னலில் நின்ற ஒரு குதிரை. ஒரு பக்கம் பஸ், மறு பக்கம் ஆட்டோக்கள், நடுவில் தலையைத் தொங்கப் போட்டபடி கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றும் ஒரு வெள்ளைக் குதிரை. விளக்கு பச்சையானதும் எல்லாரோடும் சேர்ந்து அதுவும் நடந்தது. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் மரக்கறிப் பையைப் பிடித்தபடி, அது பாலத்துப் பக்கம் மறையும்வரை வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு என் திகைப்பு விளங்கும். நான் இலங்கையில், நெடுந்தீவில் பிறந்தவள். எங்கள் மட்டக்குதிரைகளுக்குச் சொந்தக்காரர் இல்லை, கடிவாளம் இல்லை, பெயரும் இல்லை. யாரோ வெள்ளைக்காரர் எப்போதோ விட்டுப் போனவை என்று சொல்வார்கள். கல்லெறி தூரத்துக்குள் மனிதர் வந்தால் மொத்தக் கூட்டமும் வெளிக்குள் பாய்ந்துவிடும். ஒரு கோடையில் குளம் வற்றிச் சேறானபோது தாய்க்குதிரை ஒன்று அதில் புதைந்தது. ஆண்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். கரைக்கு வந்து மூச்சு வாங்கிக் கிடந்த அதன் விலாவில் யாரும் பார்க்காத நேரம் கை வைத்தேன். தோல் மட்டும் தனியாக ஒருமுறை துடித்தது. அடுத்த கணம் அது எழுந்து ஓடிவிட்டது. பிறகு தீவை விட்டு யாழ்ப்பாணம் வந்து, ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் வேலை பழகி, உடைந்த கைகால்களை எத்தனையோ தொட்டிருக்கிறேன். இன்னொரு குதிரையைத் தொடுவேன் என்று நினைத்ததே இல்லை.

சென்னை எனக்கு ஊர் அல்ல, காத்திருக்கும் இடம். கணவர் டொரன்டோவில், அவர் என்னை அங்கே அழைத்துக்கொள்ளும் ஸ்பொன்சர் கடிதம் வரும் வரும் என்று மாதாகோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். பெயரைச் சொன்னதும் எழுதுகிறவரின் பேனா ஒரு கணம் நிற்கும். வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் "எது வேணாலும் பண்ணுங்கம்மா, போலீஸு கேஸுன்னு மட்டும் வாசலுக்கு வந்துடக் கூடாது" என்று அடிக்கடி நினைவுபடுத்துவார். கேட் கதவு கிரீச்சிட்டால் ஜன்னலோரம் ஒதுங்கி நின்று கீழே பார்ப்பேன். யாரோ பால்காரராக இருக்கும்.

மாதாகோயிலில்தான் ஹெலனைச் சந்தித்தேன். ஆஸ்திரேலியப் பெண், ஐம்பதைத் தாண்டியவள், சில மாதங்களுக்காக அடையாற்றில் தங்கியிருந்தாள். குதிரைகளுக்கும் அவற்றில் ஏறுகிறவர்களுக்கும் மென்மையான தொடுகைச் சிகிச்சை செய்கிறவள். பிடித்து அமுக்குவதில்லை, எண்ணெய் இல்லை, நெட்டி முறிப்பதில்லை. இரண்டு விரல்களைத் தசை மேல் வைத்து, தோலை மட்டும் நூலளவு நகர்த்தி, கையை எடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். உடம்பு தன் பாட்டில் அதற்குப் பதில் சொல்லட்டும் என்பாள். ஆஸ்பத்திரியில் பழகிய எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் இடம்பெயர்ந்த நாளிலிருந்து தோள்பட்டையில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவள் கை பட்டபோது இளகி, காரணமில்லாமல் அழுதேன். அவளுக்குத் தமிழ் பேசி உதவ ஆள் தேவைப்பட்டது. எனக்கு வீட்டை விட்டு வெளியே போக ஒரு சாட்டு தேவைப்பட்டது.

அவள் என்னைக் கூட்டிப் போனது நகரத்தின் தென்பக்கத்தில் ஒரு சிறிய சவாரிப் பள்ளிக்கு. அங்கே ஒரு செம்பட்டைப் பெண்குதிரை. பந்தயத்தில் ஓடிக் களைத்து விற்கப்பட்டது. அதன் நீளமான ஆங்கிலப் பெயர் யாருக்கும் நினைவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் மஸ்தான் பாய் 'பாப்பா' என்று கூப்பிட, அதுவே பெயராகிவிட்டது. அதன் சொந்தக்காரி வித்யா, மயிலாப்பூர்ப் பெண், வங்கியில் வேலை. அப்பா வக்கீல். சில வாரங்களுக்கு முன் தடை தாண்டும்போது பாப்பா தடுமாற, வித்யா இடப்பக்கமாக விழுந்திருந்தாள். அன்றிலிருந்து பாப்பா இடப்பக்கம் யாரையும் நெருங்க விடவில்லை. வித்யாவும் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடியேதான் நடந்தாள்.

"ரெண்டும் ஒரே மாரி கோணிக்கினு நிக்குது பாருங்க சிஸ்டர்," என்றார் மஸ்தான் பாய். "யாருக்கு வைத்தியம்? பாப்பாக்கா, அந்தப் பொண்ணுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்," என்றேன்.

ஹெலன் என்னையே கை வைக்கச் சொன்னாள். இந்த மிருகம் உதைத்து நான் விழுந்தால் எந்த ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிச் சேர்ப்பார்கள், வேலை செய்ய அனுமதி இல்லாதவள் இங்கே என்ன செய்தாள் என்று யார் கேட்பார்கள் என்றெல்லாம் மனம் ஓடிக்கொண்டே இருந்தது. விரலை வைத்தேன். தோல் துடித்தது. குளக்கரையில் துடித்த அதே துடிப்பு. இந்தக் குதிரை ஓடவில்லை, கயிறு இருந்தது. கயிறு இல்லாவிட்டால் ஓடியிருக்குமா என்று தெரியாமல் தொட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. கையை எடுத்து விலகி நின்றேன். வெகுநேரம் கழித்து பாப்பா ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, நாக்கைச் சுழற்றி வாயை மென்றது. அது நல்ல அறிகுறி என்றாள் ஹெலன்.

ஒரு நாள் சிகிச்சை முடிந்ததும் மஸ்தான் பாயிடம், "இனி ஆறுதலா நடத்துங்கோ," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால், அவர் பாப்பாவின் காதோடு வாய் வைத்து, "வுடு கண்ணு, போனது போச்சு. வுயுறது சகஜம். நீ இன்னா வேணும்னா தள்ளுன? அந்தப் பொண்ணும் உன்ன ஒண்ணும் கோச்சிக்கல," என்று பேசிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார்.

"என்ன பாய் செய்யிறீங்கள்?"

"நீங்கதான சிஸ்டர் ஆறுதலா நடத்த சொன்னீங்க? அதான் ஆறுதல் சொல்லிக்கினு கீறேன்."

எங்கள் ஊரில் 'ஆறுதலா' என்றால் மெதுவாக என்று அர்த்தம். அதைச் சொல்லித் திருத்த வாயெடுத்தவள், பாப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அதன் கழுத்து தாழ்ந்திருந்தது. காதுகள் அவர் பக்கம் தளர்ந்து கிடந்தன. அன்று முதல்முறையாக அது இடப்பக்கம் ஆளை நெருங்க விட்டது. என் விரலா, அவர் பேச்சா, வெறும் நாட்களா, எது வேலை செய்தது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' இங்கே வேறு வேலை செய்தது. கேட்டதற்கெல்லாம் நான் "ஓம், ஓம்" என்றதை வைத்து, சிலோன் அக்கா மந்திரம் ஓதிக் குதிரையைச் சுகப்படுத்துகிறாள் என்று கதை பரவி, காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் லாயத்துக்கே வந்துவிட்டாள். டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகுதான் யோசித்தேன். இந்தக் கதை எந்தக் காதுக்கெல்லாம் போகும்? அதற்குள் ஹெலன் ஊர் திரும்பிவிட்டாள். அவள் வெள்ளைத் தோலின் நிழலில் நின்றவரை என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது நான் தனி.

வித்யா தொடர்ந்து வந்தாள். பாப்பா நேராகிவிட்டது, அவள் ஆகவில்லை. ஒரு மாலை, லாயத்துக்குப் பின்னாலுள்ள பெஞ்சில் அவளைப் படுக்க வைத்து விரலை வைக்கப் போகையில் சாதாரணமாகச் சொன்னாள்:

"அக்கா, இந்த இடது கை சுண்டுவிரல் மரத்துப் போறது. நேத்து ஆத்துல காபி டம்ளர் கை நழுவிடுத்து."

கையை எடுத்துவிட்டேன். அவளை எழுப்பி, என் இரண்டு விரல்களையும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். வலக்கைப் பிடிக்கும் இடக்கைப் பிடிக்கும் பெரிய வித்தியாசம். கழுத்தில் அடிபட்டவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.

"இது என்ர கைக்குரிய விசயம் இல்லை, வித்யா. எக்ஸ்ரே எடுக்க வேணும். நாளைக்கே. குதிரையில ஏறக் கூடாது."

"அதெல்லாம் வேண்டாம். நீங்க பண்ணினாலே சரியாயிடும். பாப்பாக்கு சரியாச்சே."

"அது வேற."

"அப்பாக்குத் தெரிஞ்சா அன்னிக்கே பாப்பாவை வித்துடுவார் அக்கா. ப்ளீஸ். யார்கிட்டயும் சொல்லிடாதேங்கோ."

அவள் என் கையை நம்பினாள். அந்த நம்பிக்கைதான் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் போனபோது அவள் பாப்பாவின் மேல் இருந்தாள். கடிவாளத்தை வலக்கையில் மட்டும் பிடித்திருந்தாள். இடக்கை தொடையில் கிடந்தது. பாப்பா அழகாக, அமைதியாக ஓடியது. என்னால் அமைதியான குதிரை என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த அமைதியை நம்பித்தான் அவள் ஏறியிருக்கிறாள். இன்னொரு தடவை விழுந்தால்? கூப்பிட்டும் அவள் நிற்கவில்லை. அங்கே நிற்க முடியாமல், அவள் அப்பாவிடம் சொல்ல மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினேன். மந்தைவெளி தாண்டும்வரை இறங்கித் திரும்பிவிடலாமா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வித்யாவின் வீடு மயிலாப்பூர்க் கோயில் குளத்துக்குப் பின்னாலுள்ள தெருவில். கோலம் அழியாமல் ஓரமாகக் கால் வைத்து ஏறி மணியடித்தேன். அவள் அப்பாவே கதவைத் திறந்தார். உள்ளே விடவில்லை, வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"நீங்க டாக்டரா?"

"இல்லை."

"டாக்டர் இல்லாம எம் பொண்ணு கழுத்துல கை வெச்சிருக்கேள். சிலோனா?"

"ஓம்."

"ஸ்டேஷன்ல பதிஞ்சிருக்கேளா? வேலை பண்ண பர்மிஷன் இருக்கா?"

பதிந்திருக்கிறேன் என்றேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ, ஐயா. பிள்ளையைக் கெதியா டாக்டரிட்டக் காட்டுங்கோ. விரல் விறைக்குது. கெதியா..."

"கதியா?" அவர் குரல் உடைந்தது. "என்ன கதின்னு சொல்றேள்? என்ன ஆயிடும் அவளுக்கு?"

கெதி என்றால் சீக்கிரம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. அதற்குள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கேட் சத்தத்துக்காகவே காது வாழ்ந்தது. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்பதாகத் தோன்றும். கைதாகிவிட்டால் கணவருக்கு யார் சொல்வது, ஸ்பொன்சர் என்னாகும், திருப்பி அனுப்பினால் எங்கே போவது, தீவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று உட்கார்ந்தபடியே யோசித்து, சமைத்ததைச் சாப்பிடாமல் மூடி வைப்பேன். போலீஸ் வரவில்லை. வந்தது மஸ்தான் பாய். கீழே நின்று சைக்கிள் மணியடித்தார்.

"ஆஸ்பத்திரில காட்டிட்டாங்க சிஸ்டர். கயுத்துல ஜவ்வு நகந்து நரம்ப அமுக்குதாம். ஆபரேசன் வாணாம், பட்டை கட்டிக்கினா போதும்னு சொல்லிட்டாங்களாம்." சைக்கிளின் பெல்லை விரலால் தடவியபடி நின்றார். "பாப்பாவ வித்துட்டாங்க. இங்கதான், பீச்சுக்கு. கொயந்தைங்கள ஏத்திக்கினு சுத்த."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று கேட்டபடி இருந்தேன். அந்தப் பெண்ணுக்குக் கழுத்து மிஞ்சியது. அவளிடம் இருந்த ஒரே ஆசை போயிற்று. இரண்டும் என் வாயால்.

சில வாரங்கள் கழித்து எலியட்ஸ் கடற்கரையில் பாப்பாவைப் பார்த்தேன். நெற்றியில் ஜிகினாப் பட்டை, கழுத்தில் சலங்கை. ஒரு சிறுமியை இறக்கிவிட்டு நின்றது. அதன் பக்கத்தில், கழுத்துப் பட்டையைத் துப்பட்டாவால் மறைத்தபடி வித்யா. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிக்கொண்டாள். போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால் போகவில்லை.

"கை எப்பிடி இருக்கு?"

"இப்போ மரத்துப் போறதில்லே."

"கோவமோ?"

"ஆமா. இருக்கு." பாப்பாவின் பிடரியைக் கோதினாள். இடக்கையால்தான். "கோவம் போகாது அக்கா. ஆனா வந்து பாக்கறேன். தினமும் வரேன்."

நானும் பாப்பாவின் தோளில் இரண்டு விரல்களை வைத்தேன். தோல் துடித்து அடங்கியது. விலகி நின்றேன். இருவரும் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள்தான் கேட்டாள், கடலுக்கு நேரே விரலை நீட்டி:

"உங்க ஊர் அங்கேதானே?"

நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்து, மாலைகளில் இந்தக் கடலைப் பார்த்து நின்றிருக்கிறேன். பிறகுதான் ஒரு நாள் வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். "அங்க இல்லை. கடலைப் பாத்து நிண்டால் என்ர தீவு வலத்தோளுக்குப் பின்னால."

"கனடா?"

"தெரியாது."

வித்யா பார்க்க முயன்றாள். கழுத்துப் பட்டை விடவில்லை. மணலில் கால்களை மெல்ல நகர்த்தி, கடலுக்கு முதுகைக் காட்டி முழு உடம்போடு திரும்பினாள். நானும் அவளோடு திரும்பினேன். தீவு இருக்கும் திசையில் பஜ்ஜிக் கடைகளின் புகை, அதற்கு மேல் மாதாகோயில் கோபுரம், அதன் பக்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு. மொட்டை மாடியில் காலையில் காயப் போட்டு எடுக்க மறந்த என் நீலச் சேலை, ஒரு முனை கொடியில் இருக்க, மறு முனை விடுபட்டுக் கடற்காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.