கொள்ளுத்தாத்தாவின் முப்பத்தேழு கையெழுத்துகள்

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவதோடு நின்றவன், நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். எங்கள் வம்சத்தின் பெருமையைச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் துணிந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியில் எல்லோருக்கும் திடீரென்று கொள்ளுத்தாத்தா மேல் பாசம் வந்தது. அவர் பிரெஞ்சுக் குடிமகன் என்று ஒரு காகிதம் கிடைத்தால் பிள்ளைகள் பாரிசுக்குப் போகலாம். பெரியப்பாவுக்கும் பாசம் பொங்கியது. அவர் மகன், எனக்கு அண்ணன், மில் வேலை போய் ஒரு வருஷமாக வீட்டில் இருந்தான். பிரான்சை விட்டால் அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

பெரியப்பா சார்ட் அட்டையில் வம்ச மரம் வரைந்தார். உச்சியில் கொள்ளுத்தாத்தா, பக்கத்தில் 'பட்டாளத்தில் பெரிய உத்தியோகம்'. ஆதாரம், பெரியப்பாவின் வாய்.

என் கையெழுத்து அழகு என்று பதிவேடு பார்க்க என்னை அனுப்பினார். மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில், பிரெஞ்சு தெரிந்த வயதான குமாஸ்தா ஒருவர் பழைய பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டினார். பெயர், அப்பா பெயர், தெரு மூன்றும் ஒத்துப்போனால்தான் எழுதிக்கொண்டேன். நாலு நாளில் கொள்ளுத்தாத்தா முப்பத்தேழு இடத்தில் அகப்பட்டார். பெரியப்பா வீட்டில் பாயசம் வைத்தார்கள். அண்ணன் கம்பளிச் சட்டை விலை விசாரித்தான்.

ஐந்தாம் நாள்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"ஐயா, இத்தன எடத்துல இவரு யாரா வர்றாரு?"

"சாட்சியா தம்பி. புள்ள பொறந்தத எழுத ரெண்டு சாட்சி வேணும். ஆள் இல்லாதவங்களுக்குன்னே சில பேரு வாசல்ல நிப்பாங்க. வெத்தல பாக்கு குடுத்தா உள்ள வந்து கையெழுத்துப் போடுவாங்க. ஒங்காளு தெனம் நின்னிருப்பாரு போல."

"அவரு பொறந்தது?"

"அது இல்லியே."

குடிமகன் ஆன காகிதமும் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் பிறந்ததற்கெல்லாம் சாட்சி சொன்னவர், தான் பிறந்ததற்கு ஒருவரையும் ஏற்பாடு செய்யவில்லை.

வீட்டில் சொன்னேன். பெரியப்பா அசரவில்லை. "வாசல்ல நின்னா என்னடா? பட்டாளத்துக்காரனும் வாசல்லதான் நிப்பான்!"

"வெத்தல பாக்குக்கு நிப்பானாப்பா?" என்ற அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நல்லாப் பாத்தியாடா?"

"பாத்தேண்ணா."

சார்ட் அட்டையை அவனே சுருட்டி அலமாரி மேல் வைத்தான்.

மறுநாள் அண்ணன் பெரிய மார்க்கெட்டுக்கு மூட்டை இறக்கப் போனான்.