லொறியின் மேல் இருந்த சின்னம்மா

வெளிநாட்டில், குரோருட்டில் இருக்கும் மகன் வீட்டு டிவியில் ஒரு அமெரிக்க நடிகை காலமான செய்தி போனது. பழைய கறுப்பு வெள்ளை விளம்பரத்தில் அவ பிரிட்ஜின் கதவைத் திறந்து, சிரித்துச் சிரித்து விளக்கம் சொன்னா.

"படம் ஓடயில்லைப் போல, பிரிட்ஜ் விக்க வந்திட்டா," என்று சிரித்தான் மகன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் சின்னம்மாவும் நாடகத்தில் நடித்தவ. பிறகு தையல் மெஷின் கம்பனிக்காரருக்காகத் திருகோணமலைச் சந்தையில், லொறியின் மேல் பட்டுச்சீலையோடு இருந்து தைத்துக் காட்டுவா. அவ கையில் எப்போதும் மெஷின் எண்ணெய் மணக்கும்.

ஒருநாள் அப்பா அவவை வாசலிலேயே மறித்தார்.

"சந்தையிலை நிண்டு பல்லைக் காட்டுறவளுக்கு இஞ்சை என்ன வேலை?"

அப்போது அவர் போட்டிருந்தது சின்னம்மா தைத்துக் கொடுத்த சட்டை. அதைக் கழற்றிக் கொடுங்கோ என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவவின் பெயரை எடுக்கக் கூடாது என்றார்.

"சிரியாதை. என்ர சின்னம்மாவும் இந்த வேலைதான் செய்தவ," என்றேன் மகனிடம்.

"ஆரம்மா அது? நீங்கள் ஒருநாளும் சொல்லயில்லையே."

அப்பா செத்து முப்பது வருஷம். இன்னும் அவர் சொல்லுக்குத்தான் அடங்கி இருந்திருக்கிறேன்.

"பூமணி," என்றேன். "அவவின்ர பேர் பூமணி."