அரிப்பு வக்கீலும் கண்ணாடிப் பொட்டும்

மற்ற வக்கீல்களைத் தேடி வருகிறவர்கள் பத்திரத்தைப் பிரித்துக் காட்டுவார்கள். என்னைத் தேடி வருகிறவர்கள் சட்டைப் பித்தானைக் கழற்றுவார்கள். துணி, வளையல், பெல்ட், செருப்பு என்று உடம்பில் பட்டு உடம்பைப் படுத்தும் சமாசாரங்களுக்கெல்லாம் திருச்சி கன்ஸ்யூமர் கோர்ட்டில் வழக்குப் போடுகிறவன் நான். சாயத்தில் விஷம், பூச்சில் நிக்கல், பசையில் ரசாயனம். இதற்காகத் தவம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரே ஒரு கேஸ் ஜெயித்தேன், ஊர் எனக்கு 'அரிப்பு வக்கீல்' என்று பெயர் வைத்துவிட்டது. மே மாத வெயிலில் கறுப்புக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் சகோதரர்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

பச்சைக் கழுத்து நண்பர்கள்

அந்த முதல் கேஸ் ஒரு கல்யாணத்தில் பிறந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கிளிப்பச்சைச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ரிசப்ஷனில் ஆடித் தீர்த்தார்கள். மறுநாள் கழுத்தெல்லாம் பச்சை பாரித்து, தடித்துப்போய், என் ஆபீசுக்குப் படையெடுத்தார்கள். வரிசையாக உட்கார்ந்து வரிசையாகச் சொறிந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் எங்கெங்கோ அரித்தது. என் குமாஸ்தா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குலுங்கினார்.

சாயத்தில் சேர்க்கக் கூடாததைச் சேர்த்திருக்கிறார்கள், கடைக்காரரை விடமாட்டேன் என்று சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். "சார், கடைக்காரனைப் பத்தி என்ன வேணா எழுதுங்க. கலர் நல்லா இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க, போட்டோவுல செமையா வந்திருக்கோம்."

கஞ்சி போட்ட சாட்சி

திருவெள்ளறைப் பக்கத்து விவசாயி ஒருவர் தீபாவளிக்கு மகளுக்குச் சிவப்புச் சுடிதார் எடுத்திருந்தார். போட்ட அன்றே பெண்ணுக்குத் தோளெல்லாம் கொப்புளம். "அந்தத் துணிதான் நமக்குச் சாட்சி, பத்திரமாகக் கொண்டுவாங்க, லேபுக்கு அனுப்பணும்" என்று போனில் சொன்னேன். வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து, பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். துவைத்து, அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டிருந்தது. மூலையில் மஞ்சள்கூடத் தடவியிருந்தார்கள். சாயம் வாய்க்காலோடு போயிருந்தது, கூடவே என் கேஸும். இதை லேபுக்கு அனுப்பினால் கஞ்சி எந்த அரிசியில் வடித்தது என்றுதான் ரிப்போர்ட் வரும்.

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு என்மேல்தான் கோபம். "நீதிபதி தொட்டுப் பார்க்கிற துணிங்க. கறையும் அழுக்குமா குடுத்தா எங்க வீட்டுப் பொம்பளைங்களை என்னன்னு நினைப்பாரு?"

பஸ்ஸில் விசாரணை

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ். நிற்கக்கூட இடமில்லை. காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். வெள்ளி என்று நம்பி வாங்கிய அரைஞாண் இடுப்பைச் சுற்றிப் புண்ணாக்கிவிட்டதாம். "சார் நீங்களே பாருங்க" என்று பெல்ட்டில் கை வைத்துவிட்டார். "நாளைக்கு ஆபீசுக்கு வாங்க" என்று கெஞ்சினேன். அவர் கேட்டால்தானே? பக்கத்தில் இருந்தவர்கள் உதவியாக இடம்விட்டு ஒதுங்கினார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டர் வந்தார். "வக்கீல் சார், விசாரணையை அம்மாமண்டபம் ஸ்டாப்பிங்குல இறங்கி வச்சுக்குங்க, முன்னாடி லேடீஸ் நிக்கறாங்க."

பணம் வேண்டாத கட்சிக்காரர்

ரேவதி ஸ்ரீரங்கத்தில் அம்மாவோடு இருப்பவர். பள்ளியில் கணக்கு டீச்சர். என்னைப் பார்க்க வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. பொட்டு இருக்கவேண்டிய இடத்தில், பொட்டளவுக்கே, வெள்ளையாக ஒரு வட்டம். வருஷக்கணக்காக ஒரே ரக ஸ்டிக்கர் பொட்டு வைத்தவர்; கறுப்புப் பொட்டு, ஓரத்தில் தங்க வளையம். அதன் பசை தோலின் நிறத்தைத் தின்றிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூ வைத்துப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் டாக்டரை நம்பவில்லை. பரம்பரை வியாதி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கல்யாணத்தை நிறுத்தினார்கள். கேட்டதும் என் வேடிக்கையெல்லாம் ஓடிப்போனது.

நஷ்டஈடு எவ்வளவு கேட்கலாம் என்றேன். "பணம் கெடக்கட்டும் சார். வியாதியாவே இருந்தாலும் அது ஒண்ணும் குத்தமில்ல. ஆனா இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டுத் திரியறாங்க பாருங்க, பொட்டோட பசைதான் காரணம்னு கோர்ட்டு சொல்லணும். தெருவுல ஒவ்வொருத்தருக்கா விளக்கம் சொல்லிட்டுப் போனா, பசங்களுக்குக் கணக்கு சொல்ல வாயில தெம்பு இல்ல."

கண்ணாடி ஆட்டோவில் போனது

அதே ரகத்தில் பிரிக்காத அட்டை ஒன்றைக் கோர்ட் லேபுக்கு அனுப்பியது. பசையில் தோலின் நிறத்தைத் தின்னும் ரசாயனம் இருந்தது. கம்பெனி அசரவில்லை. இந்த அம்மா எங்கள் பொட்டைத்தான் வைத்தார் என்பதற்கு பில் எங்கே என்று கேட்டது. பொட்டு அட்டைக்கு யாராவது பில் வாங்குவார்களா? சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். வழக்கம்போல என் நெற்றி நடுவில் மனைவியின் பொட்டு. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கண்ணாடியில் நான் பொட்டோடுதான் சவரம் செய்துகொள்கிறேன். "ஆகா!" என்று நான் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

ரேவதிக்குப் போன் போட்டேன். இருக்கிறதாம், கண்ணாடி ஓரம் முழுக்க, தங்க வளையத்தோடு! கஞ்சி போட்ட சுடிதார் ஞாபகம் வர, "யாரும் தொடாதீங்க, துடைக்காதீங்க!" என்று அலறினேன். ரேவதியின் அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குப் போர்வை போர்த்தி, மகளைக்கூடக் கிட்டே விடவில்லை. கோர்ட்டுக்குக் கிளம்பிய அன்று இரண்டு பேருக்கும் வகிடு கோணல். நான் கண்ணாடியை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தேன். பாலத்தில் ஏறியதும் ஆட்டோக்காரர் திரும்பினார். "சார், அதைக் கொஞ்சம் இந்தப் பக்கமா சாய்ங்க, பின்னாடி பஸ் வருதான்னு பார்க்கலாம். நம்ம வண்டி கண்ணாடி உடைஞ்சு ரொம்ப நாளாச்சு."

அடுத்த பாயிண்ட்

கண்ணாடியைப் பார்த்ததும் கம்பெனி கட்சி மாறியது. பொட்டு எங்களுடையதுதான், தப்பு இந்த அம்மாவுடையது என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். ஒரு தடவை வைத்துத் தூக்கிப் போடவேண்டியதைக் கண்ணாடியில் ஒட்டி, மறுபடி எடுத்து வைத்திருக்கிறார். கண்ணாடியில் இருந்த சோப்பும் தூசியும்தான் தோலைக் கெடுத்தன என்று முழங்கினார். "பொட்டைக் கண்ட இடத்தில் ஒட்டுகிற பழக்கம் நாகரிகமான எந்தப் பெண்ணுக்கும் கிடையாது" என்று கையை வேறு உயர்த்தினார். ரேவதி தலையைக் குனிந்துகொண்டார். நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்; பொட்டை எங்கே ஒட்டலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. கேஸ் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. நீதிபதி மேடையில், கோர்ட் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேஸ் கேட்டுக்கொண்டிருந்த பெண் உறுப்பினர் வியர்வையைத் துடைப்பதற்காகத் தன் நெற்றிப் பொட்டை எடுத்தார். எடுத்தவர், கண் எதிர்த்தரப்பு வக்கீல் மேலேயே இருக்க, அதை மேஜை விளிம்பில் ஒட்டினார். துடைத்து முடித்ததும் எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டார். ஹாலில் இருந்த அத்தனை பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் மேஜை விளிம்பைப் பார்த்தார், உறுப்பினரைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். உறுப்பினருக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னார்: "வக்கீல் சார், நீங்க அடுத்த பாயிண்ட்டுக்குப் போங்க."

தட்டு திரும்பியது

அடுத்த பாயிண்ட் அவரிடம் இல்லை. பசையில் இருந்த ரசாயனமே காரணம், அந்தப் பொட்டைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. வாசித்தபோது ரேவதியின் அம்மா ஹாலிலேயே ஓவென்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது, கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் அம்மா பூவும் பழமுமாகத் தட்டோடு ஸ்ரீரங்கம் வந்தாராம். மறுநாள் ரேவதி என் ஆபீசுக்கு ஸ்வீட்டோடு வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை, அந்த வெள்ளை வட்டம் பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்க அவர் எந்தச் சிரமமும் எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் எப்போது என்றேன். "பொட்டுல என்ன கலந்திருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு, உங்க பையன்கிட்ட என்ன கலந்திருக்குன்னு பார்க்கத்தான் லேப் கிடைக்கலை, கிடைச்சதும் சொல்லி அனுப்பறேன்னு சொல்லி, தட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன் சார்."

இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் நான் வாங்காத நல்ல பெயரை, வாயே திறக்காமல் மேஜை விளிம்பில் ஒரு நிமிஷம் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பொட்டு எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டது.