ஜிபிஎஸ் சொல்ல, சுக்கான் கேட்க: கொள்ளிட மணலில் ஒரு சோதனை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை 9.40 மணிக்கு நாகப்பட்டினத்திலிருந்து போனில் வந்த செய்தி இது: என் நண்பர் சீனுவின் பாய்மரப் படகு, கையடக்க ஜிபிஎஸ் காட்டிய கோட்டை ஐம்பது நிமிடம் தானாகவே பிடித்துப் போயிருக்கிறது. சொன்னவர் சீனு. உடன் போன மீனவரிடமும் போனைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் நாற்பத்தைந்து நிமிடம் என்றார். நாற்பத்தைந்து என்றே எழுதுகிறேன்.

இதற்காகத்தான் மே மாதம் இரண்டு நாள் திருச்சி போய் வந்தேன். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சீனு என்னுடன் பத்திரிகையில் புகைப்படக்காரராக இருந்தவர், ஸ்ரீரங்கத்துக்காரர். ஓய்வுக்குப் பிறகு இருபத்தொரு அடி படகு ஒன்று வாங்கினார். போன வருடம் வலது தோளில் அறுவை சிகிச்சை. அதிலிருந்து சுக்கான் பிடியை அரை மணிக்கு மேல் பிடிக்க முடியவில்லை. அவர் மனைவி மைதிலி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "படகு தானாப் போகட்டும். இல்லேன்னா வித்துடுங்கோ." வாங்க ஆளும் காரைக்காலில் தயாராக இருந்தார்.

ஆட்டோபைலட் கருவியைச் சீனு ஏற்கெனவே வாங்கியிருந்தார். முழங்கை நீளப் பெட்டி; அதிலிருந்து ஒரு தண்டு நீண்டும் சுருங்கியும் சுக்கான் பிடியைத் தள்ளும். உள்ளே திசைகாட்டி உண்டு. ஆனால் நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் இழுத்தால் திசைகாட்டிக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஜிபிஎஸ் வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து காலை 7.15 பஸ்ஸில் கிளம்பி 8.35க்குத் திருச்சி பால்பண்ணை நிறுத்தத்தில் இறங்கினேன். சீனு இரண்டு கருவிகளையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு நின்றார். அரியமங்கலத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் பஷீர் பாயின் பட்டறைக்கு நடந்தே போனோம்.

"கப்பலுக்கு ஒயரிங் பண்றது இதான் சார் ஃபர்ஸ்ட்டு," என்றார் பாய்.

"கப்பல் இல்ல பாய், சின்னப் படகு."

"ரோட்டுல ஓடாததெல்லாம் நமக்குக் கப்பல்தான் சார்."

வேலை இரண்டே ஒயர். ஜிபிஎஸ்ஸிலிருந்து தகவல் வெளியே வரும் ஒயரை ஆட்டோபைலட்டின் தகவல் உள்ளே போகும் ஒயரோடு சேர்க்க வேண்டும். இரண்டின் எர்த்தையும் சேர்க்க வேண்டும். பாய் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பற்றவைத்தார். அப்படியும் தகவல் போகவில்லை. ஜிபிஎஸ் தன் கம்பெனி மொழியில் பேசிக்கொண்டிருந்தது. மெனுவில் அதை என்எம்இஏ என்ற பொதுவான கடல்கருவி மொழிக்கு மாற்றி, போகவேண்டிய இடம் ஒன்றையும் தேர்ந்தெடுத்த பிறகுதான் ஆட்டோபைலட்டில் விளக்கு எரிந்தது. நேரம் 11.50. பாய் கேட்டது முந்நூற்றைம்பது ரூபாய். டீயும் அவரே வாங்கித் தந்தார்.

விளக்கு எரிந்தால் போதுமா? ஓடிப் பார்க்க வேண்டும். படகோ நாகையில் கரையேறியிருந்தது, அடிப்பகுதிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேனில் வைத்துப் பார்க்கலாம் என்றால், வேனின் இரும்பு திசைகாட்டியைக் கெடுக்கும். கையில் பிடித்தால் பெட்டி சாயும். சீனுவுக்கு ஒரு வழி தோன்றியது. அவர் சித்தி மகன் வரதன் கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது தோள் கொடுப்பவர். அவரும் அவர் கூட்டாளி சம்பத்தும் ஒரே உயரம். மரப்பலகையில் பெட்டியைக் கட்டி அவர்கள் தோளில் ஏற்றினால் மட்டமாகப் போகும்.

மறுநாள் காலை 5.50. ஸ்ரீரங்கத்தில் பஞ்சக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் இறங்கினோம். கோடையில் அங்கே மணல்தான். வரதன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி வைத்தார். ஸ்கூட்டர் பேட்டரியைப் பையில் போட்டு நான் மூன்றடி பின்னால் நடந்தேன். சீனு இடது கையில் ஜிபிஎஸ். அறுநூறு மீட்டர் தள்ளி ஒரு கருவேல மரம் இலக்கு.

பத்தடி போவதற்குள் தண்டு உள்ளேயும் வெளியேயும் ஓடத் தொடங்கியது. நிற்கவேயில்லை.

"வரதா, ஏன்டா ஆட்டறே?" என்றார் சீனு.

"எங்கே ஆட்டறேன்? நடக்கறேன்."

"இதுக்குப் பேர் நடக்கறதாடா? இது மிஷின்டா, பெருமாள் இல்லை."

"முப்பது வருஷமா இந்தத் தோள்ல பலகை ஏறினா கால் இப்படித்தான் போறது. நான் என்ன பண்ணட்டும்?"

சம்பத் சிரிப்பை அடக்கினார். அவர் காலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. புறப்பாட்டில் பெருமாளை இடமும் வலமும் அசைத்து எழுந்தருளச் செய்கிற நடை. நேராக நடக்கச் சொன்னால் நான்கடி நடந்தார்கள். ஐந்தாவது அடியில் பழைய நடை வந்துவிட்டது.

மூன்று முறை போய் வந்தோம். மோட்டார் சூடாகிவிட்டது. வேறு ஆள் தேடலாம் என்று சீனு சொன்னதும் வரதனுக்குச் சுருக்கென்றது. "என் தோளுக்கே இந்தப் பாடு படறதே, உன் கடல்ல என்னடா பண்ணும்?"

சீனு பலகையை இறக்கச் சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்து கையேட்டைப் புரட்டினார். கடல் நிலைக்கு ஏற்ற கூருணர்வு என்று ஒரு அமைப்பு இருந்தது. அது மிகக் கூர்மையான நிலையில் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தண்டு ஓடும், பேட்டரி சீக்கிரமே தீரும். அதை இரண்டு படி குறைத்தார்.

"இப்போ எடுங்கோ. உங்க நடையிலேயே வாங்கோ."

ஆடி ஆடித்தான் வந்தார்கள். தண்டு அசையவில்லை. கோட்டைவிட்டு வலப்பக்கம் ஒதுங்கச் சொன்னோம். பத்து மீட்டர் வரை ஒன்றும் நடக்கவில்லை. இந்த ஜிபிஎஸ் விலகலை ஏறத்தாழ பதினெட்டு மீட்டர் ஆன பிறகுதான் சொல்லும். இருபது மீட்டர் தாண்டியதும் தண்டு ஒரே தள்ளு, சரியான பக்கத்துக்கு. 8.10க்கு முடித்தோம். நேராக நடப்பவர்களைக் கூட்டி வந்திருந்தால் சோதனை வெற்றி என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். பேட்டரி கடலில் கைவிட்டிருக்கும். வரதனுக்கும் சம்பத்துக்கும் நானும் கடன்பட்டிருக்கிறேன். காபியைத் தவிர எதையும் அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

முயல்பவர்கள் ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம். மீட்டர் வைத்துப் பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் உள் பேட்டரி போனால் தகவலும் நிற்கும், மாற்று பேட்டரி கையில் இருக்கட்டும். எதிரே வலையோ படகோ வந்தால் இந்தக் கருவிக்குத் தெரியாது. பார்க்க ஓர் ஆள் எப்போதும் வேண்டும்.

இன்னும் முடிவாகாதது ஒன்று. நாற்பத்தைந்து நிமிடம் மைதிலிக்குப் போதவில்லை. வரும் சனிக்கிழமை அவரே படகில் ஏறி நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கப்போகிறார். சீனு அந்த நான்கு மணி நேரமும் வலது கையை மடியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காரைக்கால்காரருக்கு ஞாயிறு மாலை பதில் சொல்வதாக ஏற்பாடு. பதில் சொல்லப்போவது மைதிலி.