மேளத்தில் ஒரு விரல்

நேற்று சாயந்திரம், இப்போது மகனோடு இருக்கும் பாணேர் வீட்டு லிஃப்டில் ஏறினால் உள்ளே ஒரு பெண்ணும் அவள் இடுப்புயர மேளமும். கணபதி கரைத்த மறுநாள். வெள்ளைக் குர்தா, தலைமுடி, காது மடல் எல்லாம் குலால் பொடியின் ரோஸ் நிறம். டோல் என்று மராட்டியில் சொல்லும் அந்தப் பெரிய மேளம் எனக்கும் கதவுக்கும் நடுவே நின்றது. “ஸாரி ஆஜி” என்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குலால் வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும், என் விரல் தானாகப் போய் மேளத்தைத் தட்டிவிட்டது. ஒரே ஒரு தட்டு. டும்.

“ஆண்கீ வாஜவா, ஆஜி” என்றாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு. இன்னும் அடிங்க பாட்டி என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? எங்கள் கூட்டத்தில் ஒரு தட்டு வாங்கினாலே முகம் தொங்கிப்போகும். லிஃப்ட் எங்கள் மாடிக்கு வந்து நிற்பதற்குள் நான் மனசால் பழைய சிஞ்ச்வட் வீட்டுக்குப் போய்த் திரும்பிவிட்டேன். சந்தோஷத்தில் காய்கறிப் பையை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கினேன். அது மூன்று மாடி தனியாகச் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது.

அந்தக் குலால் வாசனை எங்கள் வகுப்பறையின் வாசனை. சிஞ்ச்வட்டில் நாங்கள் இருந்த சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், கீழ்த்தளத்தில் ஓர் அறை இருந்தது. கணபதி விழா நடத்தும் சங்கமான மண்டலின் சாமான்கள் வருஷம் முழுக்க அங்கே கிடக்கும். தெர்மாகோல் கோயில், சீரியல் பல்புச் சுருள், போன வருஷத்துக் கர்ப்பூரம், சுவரோரமாக அடுக்கிய மேளங்கள். மண்டலைப் பார்த்துக்கொண்ட மராட்டிக்காரப் பெரியவரைத் தாத்யா என்போம். மேளத்தை நகர்த்தக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அவர் சாவியைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மேளங்களுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து தமிழ் எழுதக் கற்றுக்கொண்டோம்.

கற்றுக்கொடுத்தவர் பவளம். நீங்கள் கவிதை படிக்கிறவராக இருந்தால் தெரிந்திருக்கும், மெல்லிசான புத்தகங்கள் சில போட்டிருக்கிறார். வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர், கோயம்புத்தூர் பக்கம். அவரைப் பார்க்க ஊரிலிருந்து ஆட்கள் ரயிலேறி வருவார்கள். வந்தவர்களை உட்காரவைத்துப் பச்சைப் பட்டாணி உரிக்கச் சொல்லுவார், அதுவும் எனக்குப் பிடிக்கும். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் நான் வாங்க போங்க என்றுதான் பேசுவேன், அவர் என்னை அக்கா என்பார். எதிரெதிர் கட்டடம்.

நான் அருப்புக்கோட்டையில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி இவருடைய கார் சாமான் கம்பெனி வேலைக்காகச் சிஞ்ச்வட் வந்தபிறகு தமிழைவிட வேகமாக பஸ் பலகையின் மராட்டியைப் படிக்கப் பழகினேன், வேறு வழி? வழி தவறினால் யார் வந்து கூட்டிப்போவார்கள். என் தமிழ் எழுத்து ஒரு வரியில் நிற்காது. ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் பவளத்திடம் கறிவேப்பிலை கொடுக்கப் போனவளை அந்த அறைக்குள் இழுத்து, கையில் பென்சிலைத் திணித்தார்.

“வந்தது வந்துட்டீங்க. ஒரு வரி எழுதிட்டுப் போங்கக்கா.”

“எனக்கு என்ன தெரியும் தாயி, எழுத?”

“மாடிப்படி இறங்கி வந்தீங்கல்லங்க? என்ன பாத்தீங்களோ அதைய எழுதுங்க.”

இரண்டாவது மாடி வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த ஒற்றைச் செருப்பைப் பற்றி எழுதினேன். அந்த ஒரு வரி எழுத எனக்குக் கடலை உருண்டை பிடிக்கிற நேரம் ஆனது. அவர் படித்துவிட்டு, இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டார். அதோடு நான் மாட்டிக்கொண்டேன். இன்னொன்று எங்கே என்று யோசித்தபடியே அடுத்த ஞாயிறும் போய் உட்கார்ந்தேன்.

தட்டுகிற வழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். வகுப்பில் ராகவன் சார் என்று ஒருவர், ராணுவக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர், நல்ல குரல். நிலா பற்றி ஒரு கவிதை வாசித்தார். “வெண்ணிலவே, வான் மகளே” என்று இழுத்ததும் பவளம் பேசாமல் கையை நீட்டிப் பக்கத்து மேளத்தை ஒரு விரலால் தட்டினார்.

“என்ன மேடம்?” என்றார் சார்.

“ஒண்ணுமில்லீங்க. அந்த வார்த்தை நேத்து முழுக்க வேற எங்கியோ வேலை பாத்துட்டு வந்திருக்குது. களைச்சுப் போச்சு பாவம், வீட்டுக்கு அனுப்பிச்சிருங்க. உங்களுதா ஒண்ணு சொல்லுங்க.”

சார் காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு, “எங்க குவார்ட்டர்ஸ் தண்ணித் தொட்டில நிலா தெரியும். ஆனா கொசுவுக்காக மூடி வெச்சிருப்போம்” என்றார். பவளத்தின் விரல் மேளத்தின் மேலேயே இருந்தது, தட்டவில்லை. நாங்கள் கை தட்டினோம்.

அப்புறம் அது விளையாட்டாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் தட்டலாம். எல்லோரிலும் பொல்லாத விரல் நித்யாவுடையது. கராடியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த பெண், ஸ்கூட்டரில் பாதி ஊரைத் தாண்டி வருவாள். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் காது அப்படி ஒரு காது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் விரல் மேளத்துக்கு மேலே வந்து நிற்கும்.

“இந்தப் பிள்ளைக்கு என் மேல என்ன கோவம்னு தெரியலையே” என்பேன்.

“ஆன்ட்டி, நீங்க நல்லா எழுதுறீங்க. நடுவுலதான் சினிமா வந்துடுது.”

என் வீட்டுக்காரர் இறந்தபிறகு நான் எழுதிக்கொண்டு போனது நன்றாக நினைவிருக்கிறது. என் வாழ்வே இருண்டுவிட்டது என்று ஆரம்பித்தேன். புருஷன் போனவளாயிற்றே, இன்றைக்காவது பவளம் விடுவார் என்று நினைத்தேன். டும். எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

“என்னம்மா, இதுக்குமா தட்டுவீக? ஈரமில்லையா உங்களுக்கு?”

“இருட்டு எல்லார்த்து வீட்லயும் ஒரே மாதிரிங்க்கா. அண்ணன் போனது உங்க வீட்ல மட்டுந்தானே? அதைய சொல்லுங்க.”

வெடுக்கென்று சொன்னேன். காரியமெல்லாம் முடிந்த ஒரு காலையில் கம்பெனி பஸ் எப்போதும்போல் கேட்டில் ஹாரன் அடித்தது. நானும் எப்போதும்போல் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். கீழே போனதும்தான் டிரைவருக்கும் எனக்கும் உறைத்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

“இதைய அப்படியே எழுதுங்க” என்றார் பவளம். எழுதினேன். ஆனால் அதிலும் கடைசிக்கு முந்தின வரியில் ஒரு தட்டு விழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதுதான் என் குறை. எத்தனையோ ஞாயிறு போனேன், எத்தனையோ காகிதம் தீர்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு தட்டுகூட வாங்காமல் நான் வாசித்து முடித்ததே கிடையாது. ராகவன் சார் இரண்டு தடவை முடித்திருக்கிறார். நித்யாகூட முடித்துவிட்டாள். “ஒருநா உங்க விரலு சும்மா இருக்கும், பாத்துக்கிட்டே இருங்க” என்று பவளத்திடம் சவால் விடுவேன். “நானா மாட்டேங்கறேன்? அந்த நாளைக்குத்தானுங்க்கா காத்துட்டு இருக்கறேன்” என்பார்.

அவர் காத்திருக்கவில்லை. போன வருஷம் கணபதி வைப்பதற்கு முன்னால், ஒரு மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி வந்து ஊருக்குக் கொண்டுபோனார். திருவிழா முடிந்து மேளங்கள் அறைக்குத் திரும்பியபிறகு அங்கேயே இரங்கல் கூட்டம் வைத்தோம்.

நான் எழுதி வாசிக்கிறேன் என்று சொன்னதும் என் மகன் போனை எடுத்தான். “ரெண்டு வார்த்த சொல்லும்மா, மிச்சத்த இதுவே எழுதிரும்” என்றான். எழுதியும் விட்டது. தமிழன்னையின் மணிமகுடம், கவிதை வானின் துருவ நட்சத்திரம். அவன் வாசிக்க வாசிக்க என் விரல் சாப்பாட்டு மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தது. “என்னம்மா, மேஜைய ஒடச்சிருவ போல” என்றான். நான் என் கையாலேயே எழுதினேன். அவரைப் பற்றி எழுதுவதிலாவது தட்டு வாங்காமல் கடைசிவரை போய்விட வேண்டும். போய்விட்டால் அவருக்குக் கொடுத்த வாக்கு தீர்ந்தது. அடுப்பை மூட்டுவதும் ஒரு வரி அடிப்பதும், குளிப்பதும் ஒரு வரி எழுதுவதுமாக இருந்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லாக் குழம்பிலும் உப்பு தப்பிப்போனது.

கூட்டத்தன்று அறை நிறைந்துவிட்டது. பவளத்தின் படம், மாலை, ஊரிலிருந்து வந்த தம்பி முன்னால். ராகவன் சார்தான் முதலில் எழுந்தார். “இது தமிழுக்கு ஈடு செய்ய முடியாத பேரிழப்பு” என்றார்.

டும்.

நித்யா. வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். நாக்கைக் கடித்துக்கொண்டு கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்தாள். தம்பி திரும்பி முறைத்தார். ஆனால் ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “கரெக்ட்மா. நான் மறுபடி ஆரம்பிக்கிறேன்” என்றார். “மேடம் டீல சர்க்கரை போட்டா கலக்க மாட்டாங்க. கடைசி வாய்தான் இனிக்கணும்பாங்க. நான் ஒருநாள் தெரியாம கலக்கிக் கொடுத்துட்டேன். எங்கூட அன்னிக்கு முழுக்கப் பேசல.”

அவ்வளவுதான், அறை திறந்துகொண்டது. ஆளாளுக்கு முந்தினோம். போன் எடுத்தால் டீச்சர் ஹலோ சொல்ல மாட்டார், ‘இருக்கேன்’ என்றுதான் சொல்லுவார் என்றாள் நித்யா. கடைசியில் தம்பி எழுந்து, “எங்க அக்கா ஒரு சகாப்தம்” என்றார். இந்தத் தடவை ராகவன் சாரே தட்டிவிட்டார்.

“மன்னிச்சுக்கங்க, பழக்கதோஷம்.”

தம்பி மேளத்தைப் பார்த்தார். “சரிங்க” என்றார். “சின்னதுல அவளுக்குப் பல்லு விழுந்தா கூரை மேல போட மாட்டா. எம்பட டவுசர் சோப்புல, அதானுங்க பாக்கெட்டுல, போட்டு வெச்சிருவா. பள்ளிக்கூடத்துல பென்சிலுக்குன்னு கைய உட்டா பல்லுங்க.” சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்து, சிரிப்பிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். நாங்களும்தான். வாசலில் தலை நீட்டிய தாத்யா, “காய் ஜாலா? லக்ன ஆஹே கா?” என்றார். கல்யாண வீடா இது என்று கேட்கிறார்.

கடைசியாக நான். காகிதத்தைப் பிரித்தேன். பஸ்ஸில் அவர் எப்போதும் வெயில் பக்கமே உட்காருவதையும், நான் நிழலுக்கு இழுப்பதையும், “வெயில்லதானுங்க்கா கடைப் பலகை பளிச்சுனு தெரியுது” என்று வழியெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வருவதையும் வாசித்தேன். ஒரு தட்டும் இல்லை. பாதி தாண்டினேன். தட்டு வாங்காமல் முடிக்கப்போகிறேன் என்று நினைத்தேன். அடுத்த வரி வந்தது. “அவர் போனபின் தமிழே அனாதையாகிவிட்டது.” வீட்டில் எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. வாயிலிருந்து வெளியே வந்ததும்தான் என் காதுக்கே கேட்டது, இது எத்தனை மேடையில் வேலை பார்த்துவிட்டு வந்த வார்த்தை என்று.

நிறுத்தினேன். நித்யா தன் மடியைப் பார்த்தாள். ராகவன் சார் கைக்குட்டையை மடித்தார். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. வயசானவள், தோழி போன துக்கத்தில் இருக்கிறாள் என்று ஒருத்தரும் கையை நீட்டவில்லை. மிச்சத்தை வாசித்து முடித்தேன். பெரிய கைத்தட்டல். தம்பி எழுந்து வந்து கும்பிட்டார்.

இப்போது அந்தக் கட்டடமே இல்லை. புதுசாகக் கட்ட இடித்துவிட்டார்கள், பச்சை வலைக்குள் என்னவோ எழும்புகிறது. தாத்யா மகளோடு நாசிக் போய்விட்டார். நித்யாவுக்கு வெளிநாட்டில் வேலை. நான் விடவில்லை, எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். மகன் அதைப் படம் பிடித்துத் தமிழ்க்காரர்கள் குழுவில் போடுகிறான். போட்ட நிமிஷம் கும்பிடுகிற கைகளும் இதயங்களும் வந்து விழுகின்றன. ஒரு தட்டுகூட விழுவதில்லை, நான் எது எழுதினாலும் நன்றாக இருக்கிறதாம்.