மரங்களின் முதுகு

காட்டிலுள்ள ஒவ்வொரு மரத்தையும் முகம் பார்த்தே அடையாளம் சொல்வேன் என்று வழிகாட்டி ஷெகிகெண்டா சுற்றுலாக்காரர்களிடம் பீற்றிக்கொள்வது பொய்யல்ல. முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவார். முதுகைப் பார்த்தால் தெரியாது. இந்தக் குறை தனக்கே தெரியாமல் பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டார் என்பதுதான் விசேஷம்.

உசம்பாரா மலையில், லுஷோட்டோ ஊருக்கு மேலே, காட்டைச் சுற்றி ஒரு பாதை போகிறது. பதினாலு கிலோமீட்டர். ஏறி, இறங்கி, வேரில் தடுக்கி, பாறையில் தவழ்ந்து, கடைசியில் புறப்பட்ட அதே வாழைப்பழக் கடைக்கு வந்து சேரும். புறப்பட்ட இடத்துக்கே வருவதற்கு எதற்கு இவ்வளவு நடக்க வேண்டும் என்று ஊரில் யாருக்கும் புரிந்ததில்லை. வெள்ளைக்காரர்களுக்குப் புரிந்தது. அதனால் ஷெகிகெண்டாவின் அடுப்பு எரிந்தது.

கடைக்கு வலப்புறம் நுழைவார், இடப்புறம் வெளியே வருவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாரோ அப்படிக் கூட்டிப்போனார்கள். மாற்றிப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. பாதி வழியில் கறுப்பு வெள்ளைக் குரங்குகள் உட்காரும் பிளந்த பாறை ஒன்று உண்டு. ஜெர்மன்காரர்களிடம் அது ராஜாவின் நாற்காலி என்பார். பிரெஞ்சுக்காரர்களிடம் ராஜாவின் மாமியார் என்பார். இரண்டு கூட்டமும் பயபக்தியோடு படம் எடுத்துக்கொள்ளும்.

அதே பாதையில் தினமும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற இன்னொரு ஜீவன் நம்சிஃபு. காட்டோரக் குடிசைகளுக்கு நெத்திலிக் கருவாடு விற்பவள். தலையில் கூடை, வாயில் ஏச்சு. முதலில் வாசனை வரும், பிறகு குரல் வரும், கடைசியாகத்தான் ஆள் வருவாள். அவள் பக்கத்து மலையின் பரே இனம், ஷெகிகெண்டா ஷம்பா. இரண்டு இனத்துக்கும் கேலிமுறை. ஒருவர் மற்றவரை என்ன சொல்லித் திட்டினாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் ஒரு கோழி அபராதம். சாவு வீட்டில்கூட இந்தச் சட்டம் செல்லும்.

பதினொரு மணிவாக்கில் பிளந்த பாறையில் இருவரும் முட்டிக்கொள்வார்கள்.

"இன்னைக்கு எத்தனை வெள்ளைக்காரங்களைத் தொலைச்ச, கிழட்டுக் கழுதை?"

"உன் கூடை நாத்தத்துல அங்க ரெண்டு குரங்கு மயங்கிக் கிடக்கு. போய்த் தண்ணி தெளி, பரேக்காரி."

"உன் சொந்தக்காரங்கதானே? நீயே தெளி."

ஒருமுறை ஒரு டச்சுக்கார அம்மா, சண்டை என்று நினைத்து நடுவில் புகுந்து, இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துச் சமாதானம் செய்துவைத்தாள். அன்று மட்டும் இருவரும் பேச்சில்லாமல் நடையைக் கட்டினார்கள். மற்ற நாட்களில், விலகிப் போன பிறகும் ஒரு திட்டு பாக்கி இருக்கும். அதை ஷெகிகெண்டா திரும்பி நின்று வீசுவார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் மழை மண்ணள்ளிப் போட்டது. கடைசி இறக்கம் சேறாகி, சுற்றுலாக்காரர்கள் இரண்டு பேர் பின்பக்கத்தாலேயே பள்ளம்வரை போய்ச் சேர்ந்தார்கள். இறங்கினால்தான் வழுக்கும், ஏறினால் வழுக்காது என்று வன அலுவலகம் கண்டுபிடித்தது. இனி எல்லாரும் எதிர்ப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். வழிகாட்டிகளுக்குப் புதிதாகப் பரீட்சை. யாரும் வழி சொல்லக் கூடாது. மூன்று முறை வழி தவறினால் சட்டையில் குத்தியிருக்கும் பித்தளை வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

வில்லை போனால் ஷெகிகெண்டாவுக்கு மச்சினனின் லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றுகிற வேலைதான். மச்சினன் இப்போதே லாரியின் பின்புறத்தைக் கழுவி வைத்துவிட்டான். "அவசரமில்லை மாமா, பரீட்சை முடிஞ்சே வாங்க" என்று சொல்லியும் அனுப்பியிருந்தான்.

பரீட்சை வைக்க வந்தவன் கிலுவா என்ற இளைஞன். அவனும் ஷம்பாதான், ஆனால் இஸ்திரி போட்ட ஷம்பா. சேற்றில் கால் வைக்கும் முன் சேற்றிடம் அனுமதி கேட்பவன் போல நின்றான்.

"நடங்க பெரியவரே. நான் பின்னாலயே வர்றேன்."

"கண்ணைக் கட்டிவிட்டாக்கூட நடப்பேன், தம்பி."

சேற்று ஏற்றத்தைத் தாண்டியதும் முதல் பிரிவு வந்தது. ஷெகிகெண்டா நின்றார். மூன்று மரங்கள் நின்றன. பத்தொன்பது வருடப் பழக்கம்; ஆனால் மூன்றும் முதுகைக் காட்டிக்கொண்டு, நீ யார் என்று கேட்டன. கம்பீரமாக வலப்பக்கம் நடந்தார். பாதை ஒரு ஆட்டுப்பட்டியில் முடிந்தது. ஆடுகள் எழுந்து வரவேற்றன.

"ஒண்ணு" என்று கிலுவா எழுதிக்கொண்டான்.

இரண்டாவது பிரிவில் ஷெகிகெண்டாவுக்கு ஒரு யோசனை வந்தது. மரம் திரும்பாவிட்டால் என்ன, நாம் திரும்பலாமே! பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?"

"சுற்றுலாக்காரங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே நடக்கிறது புது மரியாதை, தம்பி."

உண்மையிலேயே மரங்கள் ஒவ்வொன்றாக முகம் காட்டின. இதோ கற்பூர மரம், இதோ மூக்கு உடைந்த அத்தி என்று மனசுக்குள் கும்மாளம். கும்மாளத்தில் பிரிவைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. ஓடை கவனித்தது. இடுப்புவரை தண்ணீரில் உட்கார்ந்தபடி "ரெண்டு" என்பதைக் கேட்டார்.

அவர் சட்டையைப் பிழிந்துகொண்டிருக்கும்போது கருவாட்டு வாசனை வந்தது. எதிரிலிருந்து அல்ல, பின்னாலிருந்து.

"ஏய், யாரு அது, மீனை ஊறப்போட்டிருக்கிறது?" நம்சிஃபு கூடையைச் சாய்க்காமலே எட்டிப்பார்த்தாள். வில்லையைப் பார்த்தாள், எழுதுகிற பையனைப் பார்த்தாள், ஷெகிகெண்டாவின் முகத்தைப் பார்த்தாள். விஷயம் ஊருக்கே தெரியும். அவளும் கூடவே நடக்கத் தொடங்கினாள்.

அடுத்த பிரிவு வந்தது. ஷெகிகெண்டா தயங்கினார்.

"கழுதைகூட அந்தப் பட்ட மரத்துக்கு இந்தாண்டதான் போகும். நீ கழுதையைவிடக் கேவலமாச்சே, என்ன பண்ணுவியோ!"

ஷெகிகெண்டா பட்ட மரத்துக்கு இந்தாண்டை நடந்தார்.

கிலுவா துள்ளினான். "அம்மா, வழி சொல்லக் கூடாது!"

"வழியா? நான் எங்கடா வழி சொன்னேன்? திட்டினேன். நான் பரே, இவன் ஷம்பா. திட்டறதைத் தடுக்க உன் ஆபீஸ்ல சட்டம் இருக்கா?"

கிலுவா காகிதத்தைப் புரட்டினான். இல்லை.

"பள்ளத்துப் பக்கம் போற மூஞ்சியைப் பாரு" என்றாள் அடுத்த பிரிவில். ஷெகிகெண்டா மேட்டுப் பக்கம் திரும்பினார். "மூங்கிலுக்கு அப்பால பாம்புப் புத்து இருக்கு, உன் அண்ணன் தம்பி எல்லாம் அங்கதான் குடியிருக்கான், போய்ப் பார்த்துட்டு வாயேன்." மூங்கிலுக்கு இப்பாலேயே நடந்தார். வாழ்நாளில் இவ்வளவு ஆனந்தமாக அவர் திட்டு வாங்கியதில்லை.

பிளந்த பாறை வந்ததும் கிலுவாவுக்குப் பொறுமை போயிற்று. "போதும்! வாயை மூடுங்கம்மா! நீங்க பண்றது அக்கிரமம்!"

நம்சிஃபுவின் முகம் மலர்ந்தது. "கோபப்பட்டியா? ஷம்பாக்காரன் பரேக்காரிகிட்டக் கோபப்பட்டான், கேட்டுக்கோங்க! கோழி!"

"தர்றேன். சேவலாவே தர்றேன். ஆனா இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது."

சேவலுக்குத் தலையாட்டியபின் வாக்கை மீற முடியாது. நம்சிஃபு கூடையை இறக்கிவிட்டுப் பாறையில் உட்கார்ந்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு, குரங்குகளைப் பார்த்தாள்.

பாறைக்கு அப்பால் பாதை மூன்றாகப் பிரிந்தது. இதுதான் கடைசிப் பிரிவு. இதைத் தாண்டினால் வாழைப்பழக் கடைவரை ஒரே வழிதான். இது தவறினால் முட்டைக்கோஸ்.

மூன்று பாதைகளும் அண்ணன் தம்பி போலவே இருந்தன. ஷெகிகெண்டா உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். இந்த இடம் அவருக்குத் தெரிந்தது. முகமாக அல்ல, முதுகாகவே தெரிந்தது. அந்த வளைந்த கற்பூர மரம், அதன் இடப்பக்கப் பெரணிச்செடிகள், அவற்றின் மேலே தனியாக மிதந்து போகிற ஒரு கூடை. கூடை மறையும்வரை, மழையோ வெயிலோ, பத்தொன்பது வருடம்.

"இடது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கிலுவா எழுதுவதற்காக எடுத்த பேனாவை மூடினான். "சரிதான். மத்த இடமெல்லாம் தடுமாறினீங்க. இது மட்டும் எப்படி, பெரியவரே?"

"அது... கடைசித் திட்டு ஒண்ணை, அவ போற பக்கம் திரும்பி நின்னு திட்டுவேன். வழக்கம்."

"ஒரு திட்டுக்கு இவ்வளவு தூரம் பார்க்கணுமா?"

"நீளமான திட்டு, தம்பி."

பின்னால், பாறையில், வாக்குக் கொடுத்துவிட்ட ஒருத்தி பேச முடியாமல் சிரிப்பை அடக்கி இருமினாள்.

மறுநாள் வில்லையைத் துடைத்துக் குத்திக்கொண்டு, மூன்று ஜெர்மன்காரர்களோடு இடப்பக்கம் நுழைந்தார் ஷெகிகெண்டா. முதல் ஏற்றத்திலேயே ஒரு துக்கம் பிடித்தது. இனி இருவரும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறார்கள். பிளந்த பாறையில் யாரும் எதிரே வரப்போவதில்லை. முதல் பிரிவில் நின்று, ஆட்டுப்பட்டி இருக்கும் பக்கத்தைக் காட்டி, இதுதான் ராஜாவின் தாய்மாமன் வீடு என்று வெகுநேரம் விளக்கினார். ஜெர்மன்காரர்கள் கடிகாரம் பார்த்தார்கள். அவர் தாய்மாமனின் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னார்.

கடைசியில் வாசனை வந்தது.

"நடடா கழுதை" என்றது பின்னாலிருந்து குரல். "இன்னைக்கு உன் முதுகை நான் பார்த்துக்கறேன்."